நாய் எனக்கு, கல்லறைகள் கோமதிக்கு

கோமதி டீச்சர் இறந்துபோன செய்தி எனக்கு நான்காவதாகத்தான் வந்தது. வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் முதல் பஸ்ஸின் கண்டக்டர் அதைக் கொண்டுவந்தார். பஸ் நின்ற இடத்து டீக்கடையில் சொன்னார். அங்கே ஆரஞ்சுக் கூடைகளோடு உட்கார்ந்திருந்த வெள்ளகவிக் கிராமத்துப் பெண்களிடம் சொன்னார். பள்ளிக்கு வந்து தலைமையாசிரியையிடம் சொன்னார். அதற்குப் பிறகுதான் மூன்றாம் வகுப்பு வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார்.

"டீச்சர், கோமதி டீச்சர் தவறிட்டாங்க. தம்பி வீட்டுலதான். நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவங்க எந்திரிக்கலையாம். செண்பகம் டீச்சருக்கு வெரசா சொல்லிருங்கன்னு அவங்க தம்பி சொல்லிவிட்டாரு."

வெரசாகச் சொல்ல வேண்டிய ஆளுக்கு ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து சொல்கிறாரே என்றுதான் எனக்கு முதலில் கோபம் வந்தது. அழுகை அதற்குப் பின்னால் வந்தது. கோமதி இருந்த இடத்தில் எனக்கு எப்போதும் இரண்டாவது இடம்தான் கிடைக்கும். அவள் இல்லாமல் போன அன்று நான்காவது இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

பள்ளி ஆண்டு மலருக்கு அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி தலைமையாசிரியை கேட்டார். இதை வாசிக்கப்போகும் நீங்கள் எல்லாரும் அவளிடம் படித்தவர்கள், அல்லது உங்கள் பிள்ளைகளை அவளிடம் படிக்க விட்டவர்கள். அவள் தங்கமானவள் என்று எழுதினால் உங்களுக்குப் போதும். அவள் தங்கமானவள்தான். பக்கத்திலேயே இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கல்லவா தெரியும்!

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருஷம் கொடைக்கானல் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் பழனிக்காரி. அடிவாரத்தில் அப்பாவுக்குப் பூஜைச் சாமான் கடை. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, வாத்தியார் பயிற்சி முடித்து மலையேறினேன். கோமதி வத்தலக்குண்டு. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏறிவந்தவள். எனக்கு மூன்றாம் வகுப்பு, அவளுக்கு இரண்டாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பிலிருந்து என்னிடம் வரும் பிள்ளைகள் ஜூன் மாதம் முழுவதும் அழுவார்கள். "கோமதி டீச்சர் வேணும்" என்பார்கள். இதைப் பதினைந்து ஜூன் மாதங்கள் நான் கேட்டிருக்கிறேன்.

ஏரிக்கு மேலே சீமை மரங்களுக்கு நடுவில் ஒரு பெரிய பங்களா இருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி தனியாக இருந்தார். சொந்தக்காரர்கள் எல்லாம் சீமைக்குப் போய்விட, கடைசியாக மிஞ்சியவர். அவருக்கு நான் சாயங்காலங்களில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். கோமதி எனக்குத் துணையாகத்தான் வந்தாள், அதைக் கவனத்தில் வையுங்கள். நான் துரைசாணிக்கு வேற்றுமை உருபுகளோடு போராடிக்கொண்டிருக்கும்போது இவள் எழுந்து பங்களாவின் பின்பக்கம் போய்விடுவாள். அங்கே சரிவில் கல்லறைகள் இருந்தன. மனிதர்களுக்கு அல்ல. அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாக வளர்த்த பிராணிகளுக்கு.

மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் டோலி தூக்கிக் காட்டுவழியாக மலையேறிய காலத்தில், டோலியோடு கூடவே நடந்து வந்த டாபி என்ற நாய்தான் அங்கே முதலில் புதைக்கப்பட்டது. அப்புறம் ஜிப், நெல் என்ற நாய்கள், பெப்பர் என்ற பூனை, மின்னி என்ற மட்டக்குதிரை, மேடம் என்ற சீமை வாத்து, கீரிப்பிள்ளை ஒன்று. அதற்கு மட்டும் மணி என்று தமிழ்ப் பெயர், சமையல்காரர் வைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகைக்கல், அதில் இங்கிலீஷில் பெயர். துரைசாணி கடைசியாகப் புதைத்தது ஜூனோ என்ற பெட்டை நாய். இந்தச் சரித்திரமெல்லாம் கோமதி அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அத்தனை வருஷம் அந்த வீட்டுக்குப் போய்வந்த நான் பின்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

துரைசாணி பங்களாவை மதுரை மில்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறும் நாள் வந்தது. எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஜூனோவின் குட்டி ரஸ்டியை, அப்போது அதற்கு ஒரு வயதுதான், என் கையில் கொடுத்தார். கோமதியிடம் திரும்பி, நான் சொல்லிக்கொடுத்த தமிழில், "கல்லறைகளை நீ பார்த்துக்கொள்" என்றார். இரண்டாம் வேற்றுமை சரியாக இருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முதல் தடவையாகக் கோமதியைவிட எனக்கு நல்ல பங்கு கிடைத்திருந்தது. உயிருள்ளது எனக்கு, கல்லும் புல்லும் அவளுக்கு. ரஸ்டி செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். நான் பள்ளியிலிருந்து வரும்போது வாசலில் நின்று ஒரே ஒரு தடவை குரைப்பான். வீட்டில் எனக்காக ஒரு ஜீவன் காத்திருந்தது அப்போதுதான். ராத்திரி என் கட்டிலுக்குக் கீழே அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவேன். கோமதியின் அறை பஜாரில் மாடியில் இருந்தது, அங்கே நாய் கூடாது என்று வீட்டுக்காரம்மாள் சொல்லியிருந்தாள். அந்த அம்மாள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

துரைசாணி போன பிறகு அந்தச் சரிவை யாரும் கவனிக்கவில்லை. முள்ளும் பெரணியும் ஆளுயரம் வளர்ந்தன. பலகைக்கற்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. நல்ல வழவழப்பான கற்கள், கேட்க ஆளில்லை என்றால் நம் ஊரில் என்ன ஆகும்? கோமதி பள்ளி விட்டதும் அரிவாளோடு சரிவுக்குப் போக ஆரம்பித்தாள். வெள்ளகவியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஆரஞ்சு கொண்டுவந்து விற்கும் பேச்சியம்மாளும் இரண்டு பெண்களும், கூடை காலியானதும் அவளுக்குக் கைகொடுத்தார்கள். முள்ளை வெட்டி முடித்ததும் கோமதி கற்களைத் தேடி வீடுவீடாகப் போனாள். டீக்கடைப் படிக்கட்டில் ஜிப் கிடந்தது. வெள்ளைப்பூண்டு மண்டியில் தராசுக்கு அடியில் நெல் என்ற நாயின் கல் இருந்தது. சண்டை பிடிக்காமல், ஒரு கல்லுக்குப் பதில் இன்னொரு கல் கொண்டுவந்து போட்டுவிட்டு எடுத்துப்போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் போன வருஷம் புதிதாகப் போட்டுக்கொடுத்திருந்த துவைக்கிற கல்லையே பார்த்தாள்.

"செண்பகம், இதக் கொஞ்சம் பெரட்டிப் பாப்பமா?"

"ஏன், என் வீட்டுக் கல்லுமேலயும் ஒனக்குக் கண்ணா?"

பேச்சியம்மாளும் அவளும் சேர்ந்து கடப்பாரையால் புரட்டினார்கள். அடிப்பக்கத்தில் எழுத்து இருந்தது. ஜூனோ. ஒரு வருஷமாக நான் சேலையை அடித்துத் துவைத்தது ரஸ்டியின் தாயார் தலைமேல்!

ரஸ்டி பகலெல்லாம் அந்தக் கல்லின்மேல்தான் படுத்துக் கிடப்பான். "பாத்தியா, தாய்னு தெரிஞ்சிருக்கு அதுக்கு" என்று கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொல்லையில் வெயில் விழுகிற இடம் அது ஒன்றுதான், அதனால் படுத்தான். ஆனால் கல்லைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு அவர்கள் மேலே போனபோது அவனும் பின்னால் போனான். நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தான், அப்புறம் போய்விட்டான். கல்லோடு என் நாயும் போயிற்று.

அன்றிலிருந்து மத்தியானமானால் சரிவில்தான் இருப்பான். பள்ளி விட்டு நான் வீட்டுக்கு வந்தால் குரைக்க ஆளிருக்காது. நானும் மேலே போய்ப் பார்ப்பேன். ஆனால் உள்ளே போகமாட்டேன். பேச்சியம்மாள் வந்த முதல் நாளே, "கல்லு நட்ட எடமுங்க, செருப்புக் காலோட மிதிக்கப்படாது" என்று சொல்லிவிட்டாள். அவர்கள் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, அந்த வழக்கம். கோமதி உடனே செருப்பைக் கழற்றி வெளியே விட்டவள்தான், டிசம்பர் பனியிலும் அந்தச் சரிவில் வெறுங்காலோடு நடந்தாள். எனக்கு நாய்க்கும் வாத்துக்கும் செருப்பைக் கழற்ற மனமில்லை. வேலிக்கு வெளியே நின்று, என் நாய் அவள் பின்னாலேயே திரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேலை முடிந்ததும் அவள் பெயர் கூப்பிடுவாள். வகுப்பில் செய்வதுபோலவேதான். கல் எதுவும் திருட்டுப் போகவில்லையே என்று பார்ப்பதற்காக ஆரம்பித்தது, அப்புறம் வழக்கமாகிவிட்டது. டாபி என்பாள், ஒரு கணம் நிறுத்துவாள், ஜிப் என்பாள். எல்லாம் முடிந்து கடைசியில் ரஸ்டி என்பாள். அவன் ஒரே ஒரு தடவை குரைப்பான். என் வாசலில் எனக்காகக் குரைத்த அதே குரைப்பு. அதைக் கேட்டதும் பொறுக்கமாட்டாமல் நான் வீட்டுக்கு இறங்கிவிடுவேன்.

"பேரு சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருந்தாத்தான் எதுவும் வச்ச எடத்துல இருக்கும்" என்பாள். பிள்ளைகளுக்கும் அதுதான், கல்லுக்கும் அதுதான் என்று அவள் கட்சி.

மில்காரர் அந்தச் சரிவை வெட்டிச் சமமாக்கிக் கார் ஷெட் கட்டப்போவதாக ஒரு சீசனில் பேச்சு வந்தது. கோமதி பங்களாவுக்குப் போய் மில்காரரிடம் பேசினாள். அவர் சிரித்தார். மறுநாள் சாயங்காலம் அவருடைய மனைவி இடத்தைப் பார்க்க வந்தார். நான் வழக்கம்போல வேலிக்கு வெளியே. பேச்சியம்மாளும் மற்ற பெண்களும் அன்று வெள்ளிக்கிழமை என்று எல்லாக் கல்லுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, காட்டுப்பூவும் சொருகியிருந்தார்கள். நட்ட கல்லைக் கழுவிவிட்டுச் சும்மா விட அவர்களுக்கு மனசு வரவில்லை. மில்காரர் மனைவி அதைப் பார்த்ததும் பதறிப்போய்ச் செருப்பை உதறினார். நேரே இருந்த கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். அது சீமை வாத்தின் கல்.

கோமதிக்குப் பொய் வராது. நான் வேலிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டித் தடுத்தும் கேட்காமல், "அம்மா, அது ஒரு வாத்துங்க. பேரு மேடம்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த அம்மாள் எழுந்து, நெற்றியில் ஒட்டிய மண்ணைத் துடைக்காமல் யோசித்தார். "வாத்தா இருந்தா இருந்துட்டுப் போகுது. பொட்டு வச்சாச்சு, நானும் விழுந்து கும்பிட்டாச்சு. இதுமேல கார் நிக்கிறதா? அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

ஷெட் சரிவுக்கு அந்தப் பக்கம் போனது. கோமதி டீச்சர் என்ன சாமர்த்தியமாக இடத்தைக் காப்பாற்றிவிட்டாள் என்று பஜார் முழுவதும் பேச்சு. தலைமையாசிரியை பிரார்த்தனைக் கூட்டத்தில் அவளுக்குக் கைதட்டச் சொன்னார். அந்தக் குங்குமம் என் அப்பா கடைக் குங்குமம். பழனிக்குப் போய்வந்தபோது பேச்சியம்மாளின் வீட்டுக்கென்று நான் கொடுத்த பொட்டலம். இதை இதுவரை யாரும் எங்கும் சொல்லவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாயைப் பற்றி எங்களுக்குள் சண்டை நடக்காத வாரம் இல்லை. "என்கிட்ட குடுத்த நாய நீ வசியம் பண்ணிட்ட" என்பேன். "அது என்ன செண்பகம், ஒரு சென்ட் நெலமா? பட்டா போட்டு வச்சுக்க?" என்று சிரிப்பாள். அவளை மடக்க என்னிடம் ஒரே ஒரு வாதம்தான் இருந்தது. "பகலெல்லாம் ஒன்கிட்ட கெடந்தாலும் பொழுது சாஞ்சா யாரு வீட்டுக்கு வருது? அதுக்குத் தெரியும், அதோட வீடு எதுன்னு" என்பேன். உண்மைதான். விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒரு நாள் தப்பாமல் தானாகவே இறங்கி வந்து கதவைப் பிராண்டுவான். பத்து வருஷம் நான் தலை நிமிர்ந்து நடந்தது அந்தப் பிராண்டலை வைத்துத்தான். இந்த வாதத்தை எடுத்தால் மட்டும் கோமதி மறுத்துப் பேசமாட்டாள். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். தோற்றுவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் ஊருக்குப் போகும் நாட்களில் ரஸ்டியை நான் கட்டிப்போடுவது வழக்கம். வீணாக ஏறிப்போய் ஏமாந்து நிற்பானே என்றுதான். தம்பி மகள் நிச்சயதார்த்தத்துக்கு அவள் போன அன்றும் கட்டிப்போட்டேன். செய்தி வந்த மத்தியானம் தலைமையாசிரியையோடு பஸ்ஸேறி வத்தலக்குண்டுக்குப் போனேன். எங்களுக்காகத்தான் எடுக்காமல் வைத்திருந்தார்கள். மறுநாள் திரும்பி வந்த பிறகு அவனைக் கட்டிப்போட எனக்கு மனம் வரவில்லை. அவிழ்த்துவிட்டேன். ஓடினான்.

அன்று விளக்கு வைத்தாயிற்று, அவன் வரவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஜூனோ கல்லுக்குப் பக்கத்தில் நனைந்துபோய்ப் படுத்திருந்தான். பதின்மூன்று வயது நாய், பின்னங்கால் இரண்டும் வாதம். கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்து வந்தேன். விட்டதும் மறுபடி மேலே போய்விட்டான். அடுத்த நாளும் அதேதான். பனியில் இப்படியே கிடந்தால் ஒரு வாரம் தாங்கமாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. பாலும் பிஸ்கட்டும் கொண்டுபோய் வேலியோரத்தில் நின்று கெஞ்சினேன். "அவ வரமாட்டாடா, வீட்டுக்கு வாடா" என்று திட்டினேன். தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தான்.

பேச்சியம்மாள் அந்த வழியாகக் காலிக் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தாள். நின்று பார்த்தாள்.

"நீங்க கூப்புட்டா வராதுங்க டீச்சர். அவங்க சொன்னாத்தான் எந்திரிக்கும்."

"என்ன சொன்னா?"

"பொழுது அடையுற நேரம் பேரெல்லாம் கூப்புட்டு முடிச்சு, 'போடா, செண்பகம் தேடுவா'ம்பாங்க. ஒரு தடவைதான். எந்தச் சோலியா இருந்தாலும் போட்டுட்டு உங்க வீட்டுப் பக்கமா ஓடீரும். ஒரு நாளும் சொல்லாம விட்டதில்ல." அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. பத்து வருஷம் அவன் தானாக வந்தான் என்று நினைத்திருந்தேன். தினமும் அவள்தான் எனக்கு அனுப்பி வைத்திருக்கிறாள். நான் அதையே எடுத்து அவள் முகத்தில் வீசிச் சண்டை போட்டபோதெல்லாம், "அதுவும் சரிதான்" என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. இவ்வளவு நல்லவளாக இருந்து என்னை இப்படித் தோற்கடித்துவிட்டாளே, இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பேச்சியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

அப்புறம் செருப்பைக் கழற்றினேன். ஈரப்புல் காலைச் சுட்டது. கற்களுக்கு நடுவில் போய் நின்று பெயர் கூப்பிட்டேன். டாபி, ஜிப், நெல், பெப்பர், மின்னி, மேடம், மணி, ஜூனோ. வேலிக்கு வெளியே நின்று அத்தனை வருஷம் கேட்டதில் எனக்கு எல்லாம் மனப்பாடம். ரஸ்டி என்றேன். ஒரு தடவை குரைத்தான். ஆனால் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தான்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோமதியின் குரல் கொஞ்சம் கனம், மூக்கால் பேசுவதுபோல இருக்கும். அந்தக் குரலில், "போடா, செண்பகம் தேடுவா" என்றேன்.

எழுந்தான். உடம்பை உதறினான். என் சேலையை உரசிக்கொண்டுதான் போனான், ஆனால் நிற்கவில்லை. வாதக் காலை இழுத்துக்கொண்டு பாதையில் இறங்கினான், செண்பகத்தைத் தேடி. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவன் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய், அடுக்களையில் பார்த்து, கொல்லையில் பார்த்து, வாசலுக்கு வந்தான். அங்கே படியேறிக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும், இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் என்பதுபோல் ஒரு தடவை குரைத்துவிட்டு வாலாட்டினான்.

கோமதியின் அரிவாளை அவள் தம்பி எடுத்துப் போய்விட்டார். அவளுடைய போட்டோ தலைமையாசிரியையின் அறையில் மாட்டியிருக்கிறது. அவளிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். தினமும் பள்ளி விட்டதும் மேலே போகிறேன், முள் வெட்டுகிறேன், பெயர் கூப்பிடுகிறேன், கடைசியில் அதைச் சொல்கிறேன். எவ்வளவு முயன்றாலும் என் பெயரை அவள் சொன்ன அளவுக்குப் பிரியமாக எனக்குச் சொல்ல வரவில்லை. ரஸ்டி அதைப் பெரிதுபடுத்தாமல் எழுந்து வீட்டுக்குப் போகிறான்.